பாட்டில் வாயில் சாமந்தி

நடந்தது இந்த வரிசையில்:

1. அத்தை ஒரு பெட்டியும் ஒரு பெரிய பிரஷர் குக்கருமாக ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள்.
2. நான் படித்துக்கொண்டிருந்த பின்னறை அவளுக்குத் தரப்பட்டது.
3. காளான் விதை தயாரிக்கக் கையுறை, ஸ்பிரிட், பஞ்சு, பிளேடு எல்லாம் வாங்கினோம்.
4. அத்தை சோளத்தைப் பாட்டில்களில் அடைத்துக் குக்கரில் ஏற்றி இறக்கினாள்.
5. ஆயுத பூஜையன்று அப்பா எல்லாவற்றையும் திறந்து பொட்டு வைத்தார்.
6. அத்தை ஒரு கேள்வி கேட்டாள்.
7. அதற்கு நான் பதில் சொன்னேன்.
8. பாட்டில்கள் பச்சையாயின.

இப்போது நான் அம்பத்தூர்ப் பக்கம் ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மருந்தில் கிருமி புகுந்துவிட்டால் அது எந்த வழியாகப் புகுந்தது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. முதலில் நடந்ததை மட்டும் வரிசையாக எழுத வேண்டும். அபிப்பிராயம் அதில் கலக்கக் கூடாது. மேலே இருப்பது அந்தப் பழக்கத்தில் வந்த பட்டியல். ஐந்தாவது வரியும் ஏழாவது வரியும் அறிக்கை நடைக்கு அடங்கவில்லை என்பதால் மற்றதை இப்படி எழுதுகிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்த்தவள். சென்னீர்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா அடிப்பவர் அல்ல, குடிப்பவரும் அல்ல. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். ஒருமுறை நிறுத்தினால் மாதக்கணக்கில் நீளும். சோறு போட்டால் சாப்பிடுவார், தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பார், பேசமாட்டார். "அந்த வீட்ல டிவிதான் அண்ணி என்கூடப் பேசும்" என்று அத்தை அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு இது ஒரு காரணமாகவே படவில்லை.

"அடிக்கிறானா? இல்ல. குடிக்கிறானா? அதுவும் இல்ல. புருஷன் பேசலைன்னு ஒருத்தி பெட்டியத் தூக்கிட்டு வருவாளா?"

"உங்ககிட்ட நான் ரெண்டு நாள் பேசாம இருந்து காட்டட்டுமா?" என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அத்தை வாதாடவில்லை. அவளிடம் வேறொரு யோசனை இருந்தது. நெமிலிச்சேரியில் ஓர் அம்மாள் மொட்டைமாடியில் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விதை வெளியூரிலிருந்து பஸ் பார்சலில் வரும்; வழியில் வெயில் பட்டுப் பாதி கெட்டுவிடும். காளான் விதை என்பது உண்மையில் விதையே அல்ல. வெந்த சோளத்தின்மேல் காளானின் வெள்ளை நூல்களைப் படரவிட்டால் அதுதான் விதை. அதை வீட்டிலேயே தயாரித்துத் தருகிறேன் என்று அத்தை சொல்ல, முதல் தடவை நன்றாக வந்தால் பிறகு வாராவாரம் வாங்கிக்கொள்வதாக அந்த அம்மாள் ஒப்புக்கொண்டிருந்தார்.

அப்பா நின்று நிதானித்து ஒரு முடிவு சொன்னார். எதையும் அளந்து பேசுகிறவர் அவர்.

"சரி. நல்லா வந்துச்சுன்னா நீ இங்கயே இரு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வரலைன்னா தீபாவளிக்கு முன்னாடி நானே கொண்டுபோய் விட்டுருவேன். அப்புறம் அழக் கூடாது."

"சரிண்ணா" என்றாள் அத்தை.

பின்னறை போனதில் எனக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் அத்தை வேலைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டதும் கட்சி மாறிவிட்டேன்.

சாமான் வாங்க ஆவடி பஜாரில் ஒரு மெடிக்கலுக்குப் போனோம். அத்தை சொல்லச் சொல்லக் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சர்ஜிக்கல் ஸ்பிரிட், மாஸ்க், சர்ஜிக்கல் பிளேடு. கையுறைக்கு டப்பாவை நீட்டினார். அத்தை தலையை ஆட்டினாள்.

"இது வேணாம். ஜோடி ஜோடியா பேப்பர்ல சீல் பண்ணி வருமே, அது."

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, ஊட்லயே ஆப்ரேசனா?"

"காளான் வளர்க்க."

"காளானுக்கா? எங்க ஊட்டாண்ட மழை பேஞ்சா தானா மொளைக்குது. அதுக்கு யாரும் கிளவுஸ் மாட்டிவுடல."

அத்தை சிரிக்காமல் அடுத்ததாகப் பஞ்சு கேட்டாள். அவர் நீல உறையில் சுற்றிய பஞ்சுச் சுருளை வைத்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

"குடிக்கவா?"

"பஞ்சுக்கு."

"பஞ்சுக்குத் தாகமா?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தார். அத்தை ஒரு துளிப் பஞ்சைக் கிள்ளிப் போட்டாள். போட்ட உடனே முழுகியது. பாட்டிலின் வாயை அடைக்கும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் குக்கர் ஆவியில் ஊறி, அந்த ஈரத்தின் வழியாகவே கிருமி உள்ளே இறங்கிவிடும். இதை அவள் எனக்குச் சொன்னாள். கடைக்காரரும் ஒட்டுக்கேட்டார்.

"முழுகாத பஞ்சு வோணும்னா மெத்தைக் கடைக்குப் போம்மா. இங்க எல்லாம் முழுகற பஞ்சுதான். யாவாரமும் அப்பிடித்தான் கீது."

அதற்கு மட்டும் அத்தை சிரித்தாள். திருமுல்லைவாயில் போகும் சாலையில் மெத்தை தைக்கும் கடையில் சுத்தம் செய்யாத பஞ்சு கிடைத்தது. அது டம்ளரில் படகு மாதிரி மிதந்தது. குளுக்கோஸ் ஏற்றும் கண்ணாடிப் பாட்டில்கள் பழைய சாமான் கடையில் சாக்கோடு கிடைத்தன.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பரப்பினோம். கையுறை உறை ஒன்றைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஆசை. அத்தை கையைத் தட்டிவிட்டாள்.

"பாப்பா, சுத்தம் வேற, ஸ்டெரைல் வேற. சுத்தம்னா கண்ணுக்குத் தெரியற அழுக்கு இல்லன்னு அர்த்தம். ஸ்டெரைல்னா உள்ள உயிரோட ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். அது திறக்காத வரைக்கும்தான். திறந்துட்டா போச்சு."

"திறந்துட்டு உடனே மூடிட்டா?"

"போச்சு."

நான் இதை வீடு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் "போச்சு" என்பேன். அப்பா டிபன் பாக்ஸைத் திறந்தால் "போச்சு." அப்பா மட்டும் இதைக் கேட்டு மகிழ்ந்தார். அவருக்கு இது பழகிய விஷயம்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை. அங்கே ஸ்லிப் கேஜ் என்று சிறு எஃகுக் கட்டிகள் உண்டு. மற்ற அளவுக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்பதை அவற்றை வைத்துத்தான் பார்ப்பார்கள். விரல் பட்டால் வியர்வையில் துரு ஏறிவிடும் என்பதால் வெறும் கையால் தொடமாட்டார்கள். மெல்லிய தோல்துணியால் எடுத்து, வேலை முடிந்ததும் துடைத்து, மரப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அந்தப் பெட்டியின் சாவி அப்பாவிடம் இருந்தது. மேலதிகாரி ஒருவர் வெறும் கையை நீட்டியபோது "சார், கை" என்று தடுத்த கதையை அவர் எத்தனை முறை சொன்னாலும் நாங்கள் முதன்முறை போலக் கேட்க வேண்டும்.

தொழிற்சாலையில் ஆயுத பூஜை ஒரு நாள் முன்னதாகவே நடந்துவிடும். அன்று அப்பா பொரிப் பொட்டலத்தோடு வந்து, வழக்கம்போல அதை வர்ணித்தார். லேத்துக்கு மாலை போட்டார்கள், டிரில்லிங் மெஷினுக்கு வாழைக்கன்று கட்டினார்கள், சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் சந்தனம் குங்குமம்.

"ஸ்லிப் கேஜுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பெட்டி மேலதான் பொட்டு. பெட்டியைத் திறக்கக் கூடாது. புதுசா வந்த பையன் திறக்கப் போனான். தம்பி, சாமிக்கு மூடியிருந்தாலும் தெரியும்னு சொன்னேன்."

அம்மாவும் நானும் சிரித்தோம். அத்தை பின்னறையில் சோளத்தைத் துணியில் பரப்பி ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே அத்தை பாட்டில்களைக் குக்கரில் ஏற்றி இறக்கிவிட்டாள். அவை ஆற வேண்டும். ஆறியதும், ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கி வந்திருந்த, ஏற்கெனவே வெள்ளை நூல் படர்ந்த தாய்விதைப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒவ்வொன்றிலும் போட வேண்டும். அதற்கான இடுக்கியும் கரண்டியும் பிளேடும் அலுமினியத் தாளில் சுற்றிக் குக்கரிலேயே வெந்து தயாராக இருந்தன. அப்போது அப்பா அவளைக் கூப்பிட்டு, மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கிவரச் சொன்னார். வழக்கமாக அவரே போவார்.

அத்தை போன பிறகு அப்பா சாமி அலமாரிக்கு முன்னால் செய்தித்தாள் விரித்து ஸ்பானர், சுத்தியல், அம்மாவின் அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பிறகு ஒரு தாம்பாளத்தோடு பின்னறைக்குள் போனார்.

"உங்க அத்தையோட ஆயுதத்தையும் வைக்கணும் இல்ல?"

"அதெல்லாம் திறக்கக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்கப்பா."

"சாமிக்கு முன்னாடி என்னம்மா திறக்கறது, மூடறது?"

கையுறை உறைகளைப் பிரித்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி ஜோடி ஜோடியாக வைத்தார். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு பொட்டு. அலுமினியத் தாளைப் பிரித்து இடுக்கியை எடுத்துச் சந்தனம் தடவினார். பிறகு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் பஞ்சு அடைப்பை உருவிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த வாயில் ஒரு மஞ்சள் சாமந்தியைச் செருகினார். தாய்விதைப் பாட்டிலுக்கு இருந்ததிலேயே பெரிய பூ.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மூடியை ஏங்க எடுக்கறீங்க?"

"பூ எங்க வைக்கறது அப்புறம்?"

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குக்கர் விசில் அடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

அப்பா எதையும் அலட்சியமாகச் செய்கிறவர் அல்ல. பூக்கள் ஒரே உயரத்தில் நின்றன, பொட்டுகள் ஒரே அளவில் இருந்தன. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அத்தை கையில் வாழைக்கன்றோடு உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றியவள் அங்கேயே நின்றுவிட்டாள். பூசணிக்காயைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அம்மாதான் போய் அதை வாங்கிக்கொண்டாள்.

"பூஜைல வச்சதை நாளைக்குக் காலைலதான் எடுக்கணும், தெரியும் இல்ல" என்றாள் அம்மா. என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னது போல இருந்தது.

அத்தை வாழைக்கன்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அப்பாவைப் பார்த்துச் சாதாரணமாக, விவரம் கேட்கிறவள் போலக் கேட்டாள்.

"அண்ணா, நேத்து உங்க பூஜைல ஸ்லிப் கேஜுக்கும் பொட்டு வச்சீங்களா?"

அப்பா விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. எனக்கோ விடை தெரிந்திருந்தது. வகுப்பில் கை தூக்குவதுபோல முந்திக்கொண்டேன்.

"ஐயோ அத்தை, அதுக்குப் பெட்டி மேலதான் வைப்பாங்க! பெட்டியைத் திறக்கவே கூடாது. சாமிக்கு மூடியிருந்தாலும் தெரியும். அப்படித்தானேப்பா?"

"கற்பூரம் எங்க?" என்றார் அப்பா அம்மாவிடம். கற்பூரம் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அத்தை என் தலையில் கை வைத்தாள். "கரெக்டா சொன்னே பாப்பா" என்றாள். அன்று முழுவதும் எனக்கு அந்தப் பெருமை இருந்தது. சுண்டல் கூடுதலாகக் கிடைத்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூஜை முடிந்து எல்லாவற்றையும் எடுக்கலாம் என்றானதும் அத்தை வேலையைத் தொடங்கினாள். சோளப் பாட்டில்களுக்குப் புதுப் பஞ்சு வைத்து மறுபடி குக்கரில் ஏற்றினாள். இடுக்கியைக் கழுவி வேகவைத்தாள். மெடிக்கலுக்குப் போய் வேறு கையுறை வாங்கினோம். "இன்னாம்மா, மொத ஆப்ரேசன் பெயிலா?" என்று கேட்டார் கடைக்காரர். "இன்னும் தெரியலைங்க" என்றாள் அத்தை.

தாய்விதையை மட்டும் மறுபடி குக்கரில் வைக்க முடியாது. உயிருள்ளது, வெந்தால் செத்துவிடும். வேறொன்று வாங்க ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தாள். பண்டிகை விடுமுறை, தீபாவளி கழித்துத்தான் கிடைக்கும் என்றார்கள். அதனால் இருந்ததையே எடுத்து, பூ நின்ற மேல்பகுதியைக் கொட்டிவிட்டு, அடியிலிருந்து எடுத்துப் போட்டாள். ஸ்பிரிட் விளக்கின் சுடருக்குப் பக்கத்தில் அவள் கை நடுங்காமல் வேலை செய்ததை நான் மாஸ்க் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூச்சுகூடப் பலமாக விடவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. சோளத்தைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் பாட்டில்களைத்தான் பார்ப்பேன். பிறகு ஒரு பாட்டிலின் தோளில் பச்சையாக ஒரு புள்ளி. அடுத்து இன்னொன்றில். பிறகு புளித்த வாடை. கடைசியில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் அடிமுதல் வாய்வரை வெள்ளையாக நின்றது.

நெமிலிச்சேரி அம்மாள் ரயிலில் வந்து பார்த்தார். பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"இது ஒண்ணு சூப்பரா கீதும்மா. நல்ல கைதான் உனக்கு. ஆனா ஒண்ணே ஒண்ணை வாங்கிக்கினு போயி நான் இன்னா பண்றது, சொல்லு?"

அத்தை அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அப்பா முன்னறையில் இருந்தார், எதிலும் கலந்துகொள்ளவில்லை. அந்த அம்மாள் போன பிறகு, பச்சை பிடித்ததையெல்லாம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அப்பாவே கொல்லையில் குழி தோண்டினார். உள்ளங்கையில் குங்குமம் காய்ந்திருந்த அந்தக் கையுறைகளில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டுதான் சோளத்தைக் கொட்டி மூடினார். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார்.

தீபாவளிக்கு முன்னால், சொன்னபடி, அவரே ஆட்டோ பிடித்து அத்தையைச் சென்னீர்குப்பத்தில் கொண்டுபோய் விட்டார். நானும் போனேன். குக்கர் என் காலடியில், வெள்ளைப் பாட்டில் துண்டில் சுற்றி அத்தையின் மடியில். மாமா வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். எதுவும் பேசவில்லை. திரும்பும்போது அப்பா எனக்கு மத்தாப்பு வாங்கித் தந்தார். பின்னறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தத் தீபாவளி எனக்கு நல்ல தீபாவளியாகவே நினைவிருக்கிறது.

"உங்கப்பாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும், பக்தியில செஞ்சுட்டார்" என்பது அம்மா அன்றே சொன்ன விளக்கம். இன்றும் அதையே சொல்கிறாள். நானும் அதை நெடுநாள் நம்பினேன். வேலைக்குச் சேர்ந்து, முதன்முதலாகக் கையுறை மாட்டும் பயிற்சியில் நின்றபோது, சொல்லிக்கொடுத்தவர் ஒருவனின் வெறும் கையைத் தடுத்து "கை" என்றார். அப்பாவின் குரல் அது. அந்த இடத்தில்தான் எனக்கு அப்பா திறந்த ஐந்தாவது வரியும் அத்தை கேட்ட ஆறாவது வரியும் ஒன்றோடொன்று சேர்ந்தன. அந்த வீட்டில் திறந்தால் என்ன ஆகும் என்று அத்தைக்கு அடுத்தபடியாக நன்றாகத் தெரிந்தவர் அப்பா. தங்கையைத் திருப்பி அனுப்புவது அவளுக்கு நல்லது என்று அவர் நம்பியிருக்கலாம். கடைசி நேரத்தில் பக்தியே வந்திருக்கலாம். எங்கள் அறிக்கைப் படிவத்தில் காரணத்துக்குக் கட்டம் உண்டு; நோக்கத்துக்குக் கிடையாது.

அத்தை கேட்டது விவரம் என்று நான் நினைத்தேன். பதில் எனக்குத் தெரியும் என்பதால் சொன்னேன். அவளுக்கும் அது தெரியும் என்பதும், அப்பா சொல்ல வேண்டிய பதில் அது என்பதும், நான் முந்திக்கொண்டதில் அவர் அதைச் சொல்லாமலே தப்பினார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இப்போதைய நிலை இது. அத்தை சில வருடங்களுக்குப் பிறகு மறுபடி வெளியே வந்தாள். அந்த முறை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நெமிலிச்சேரியில் வாடகை வீட்டின் மாடியறையில் காளான் விதை தயாரிக்கிறாள். பஞ்சு இன்னும் மெத்தைக் கடையில்தான் வாங்குகிறாள், டம்ளரில் போட்டுப் பார்த்து. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார்; அம்மாவோடு திருமுல்லைவாயில் பிளாட்டில் இருக்கிறார். அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொள்கிறார்கள், ரத்த அழுத்தத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும். போன ஆயுத பூஜைக்கு நான் நெமிலிச்சேரிக்குப் போயிருந்தேன். விதை அறையின் கதவில், வெளிப்பக்கம், சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு சாமந்தி செருகியிருந்தது. அப்பா அந்தக் கதவு வரை வந்ததில்லை. அத்தை அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.